மச்சினனின் ஒன்பது ட்ரெயில்களில் நான் ஏன் ஐந்தை அடித்தேன்

போன வாரம் மச்சினன் ஒரு எக்செல் கோப்பு அனுப்பியிருந்தான். நியூஜெர்ஸியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் வேலை மாற்றம். வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றிவிட்டு, காருக்குப் பின்னால் மவுண்டன் பைக்கை (மலைப் பாதையில் ஓட்டும் சைக்கிள்) மாட்டிக்கொண்டு நாட்டைக் குறுக்கே கடக்கப் போகிறானாம். 12 நாள், ஒன்பது ட்ரெயில், அதாவது காட்டிலும் மலையிலும் சைக்கிள் ஓட்டும் பாதைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தூரம், ஏற்றம், நட்சத்திரம், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவான், எத்தனை மணிக்குக் கிளம்புவான் என்று பச்சையும் மஞ்சளுமாகக் கட்டங்கள். கீழே, "எப்படி இருக்கு மாமா?" என்று ஒரு வரி.

ஐந்தைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. "அவன் ஆசையா போட்டதை இப்படியா கிழிப்பீங்க" என்று வீட்டிலும் திட்டு. ஆகவே காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். அவன் எப்படியும் படிப்பான்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நானும் இதே மாதிரி ஒரு பட்டியலோடுதான் கிளம்பினேன். ஜூலை மாதம். ஒன்பது மணி நேரம் காரோட்டி, மாலை நாலு மணிக்கு யூட்டா மாநிலத்தின் மோவாபில் இறங்கி, தங்குமிடத்துக்குக்கூடப் போகாமல் நேராக ஸ்லிக்ராக் ட்ரெயிலுக்குப் போனேன். 1969-இல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகக் குறிக்கப்பட்ட பாதை அது. பிறகுதான் மவுண்டன் பைக் உலகம் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. சுற்று பத்து மைல் சொச்சம்தான். பத்து மைல் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். மணற்பாறையில் ஏணி சாய்த்தது மாதிரி ஏற்றம், உடனே இறக்கம், மறுபடி ஏற்றம். நிழல் என்ற பேச்சே இல்லை. பாறை அடுப்புக்கல் மாதிரி கொதிக்கிறது. மூன்றாவது மைலில் இரண்டு தொடையிலும் தசை பிடித்து, பைக்கைக் கீழே போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அந்த வழியாக வந்த ஒரு வயதான அம்மா உப்புக் கரைசல் கொடுத்து, திரும்பிப் போகும் வழியையும் காட்டிவிட்டுப் போனார். ஸ்லிக்ராக்கை "பார்த்தாச்சு" என்று பட்டியலில் டிக் போட்டேன். நான் பார்த்தது அந்த அம்மாவின் தண்ணீர்ப் பையை மட்டும்தான்.

என் சண்டை இந்த டிக் போடும் புத்தியோடுதான். ட்ரெயில்களை முதலில் பொறுக்கி, அப்புறம் அவற்றைச் சாலையால் கோர்த்தால், வண்டி ஓட்டுவதே வேலையாகி பைக் ஓட்டுவது இடைவேளை ஆகிவிடும். நான் தலைகீழாகச் செய்கிறேன். சாலையை முதலில் முடிவு செய்வேன். அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குமேல் விலகாத இடங்களை மட்டும் தேடுவேன். பெயர் பெற்ற இடம் ஒன்றே ஒன்று. மிச்சமெல்லாம் வழியில் அமைவது.

இன்னொன்று: காரோட்டும் நாளும் பைக் ஓட்டும் நாளும் வேறு வேறு. கூகுள் எட்டு மணி நேரம் என்றால் பெட்ரோல், சாப்பாடு, சாலை வேலை எல்லாம் சேர்த்துப் பத்து. பத்து மணி நேரம் உட்கார்ந்த இடுப்போடு ஒற்றையடிப் பாதையில் இறங்கினால், கண் பார்ப்பதைக் கை செய்யாது. மாலை போய்ச் சேர், தூங்கு, விடியற்காலை ஓட்டு. மேற்கு நோக்கிப் போகிறவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. நேர மண்டலம் மாறும்போதெல்லாம் ஒரு மணி நேரம் லாபம். உடம்பு பழைய கடிகாரத்திலேயே இருப்பதால் நாலரை மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். எரிச்சல்படாமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பாலைவனத்தில் வெயிலுக்கு முன்னாலும், கொலராடோ மலையில் பிற்பகல் இடி மின்னலுக்கு முன்னாலும் முடித்துவிடலாம்.

இப்போது அவன் வழிக்கு வருவோம். அவன் போவது ஐ-70. பால்டிமோரில் தொடங்கி யூட்டாவில் கோவ் ஃபோர்ட் பக்கம் முடியும் சாலை, 2,150 மைல் போல. அவன் கோப்பில் கொலராடோவுக்குக் கிழக்கே ஒரு கட்டம்கூட நிரப்பவில்லை. "நடுவுல என்ன இருக்கு, வெறும் சோளக்காடு" என்கிறான்.

நடுவில் அணைகள் இருக்கின்றன. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஓட்டி ஓட்டித்தான் புரிந்தது. மேற்கு மாநிலங்களில் அரசு நிலம் ஏராளம், பாதை போட இடத்துக்குப் பஞ்சமில்லை. கிழக்கிலும் நடுவிலும் பெரும்பாலும் தனியார் நிலம். அங்கே நீளமான ட்ரெயிலுக்கு இடம் கிடைப்பது பல சமயம் மாநிலப் பூங்காக்களிலும், ராணுவப் பொறியாளர் படை கட்டிய அணைகளின் நீர்த்தேக்கக் கரைகளிலும்தான். வரைபடத்தில் கை கால் விரித்த மாதிரி ஒரு நீலத் திட்டு தெரிந்தால், ட்ரெயில்களின் வரைபடம் காட்டும் டிரெய்ல்ஃபோர்க்ஸ் செயலியில் அங்கே பெரிதாக்கிப் பாருங்கள். பல சமயம் ஏதாவது இருக்கும்.

பென்சில்வேனியாவில் ரேஸ்டவுன் ஏரி அப்படி ஒன்று. அதன் கரையில் 2009-இல் திறந்த அலெக்ரிப்பிஸ் ட்ரெயில்கள் முப்பது மைலுக்கு மேல் ஓடுகின்றன. கல் தடங்கல் இல்லை, வேர் இல்லை. அலை அலையாக ஏறி இறங்கும் பாதை. அடியில் நொறுங்கும் களிப்பாறை என்பதால் மழை பெய்தாலும் சீக்கிரம் வடிந்துவிடும். நியூஜெர்ஸியிலிருந்து நாலு மணி நேரம். முதல் நாளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பைக்கில் ஏதாவது கோளாறு இருந்தால் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

அப்புறம் இரண்டு நாள் வெறும் ஓட்டம். ஒஹையோ, இண்டியானா, இல்லினாய், மிசூரி. அதை அழகுபடுத்திச் சொல்ல என்னால் முடியாது.

ஆனால் கான்சாஸ்! மச்சினா, கான்சாஸைப் பற்றி நீ சிரித்தது எனக்கு மறக்கவில்லை. வில்சன் ஏரி ஐ-70-இலிருந்து பத்து மைல்கூட இருக்காது. அங்கே ஸ்விட்ச்கிராஸ் என்று ஒரு ட்ரெயில் புல்வெளிக் குன்றுகளின் மடிப்புகளில் வளைந்து வளைந்து போகிறது. அவ்வப்போது ஏரி எட்டிப் பார்க்கும், அவ்வப்போது செம்மணற்பாறை. சர்வதேச மவுண்டன் பைக் சங்கம் தன் 'எபிக்' (சிறந்த பாதைகள்) பட்டியலில் சேர்த்த பாதை அது. போகிற வழியில் வேலிக் கம்பங்களைக் கவனி. மரம் இல்லாத ஊர் என்பதால் சுண்ணாம்புக்கல்லை வெட்டி வேலிக்கால் நட்டிருக்கிறார்கள், மைல் கணக்கில். நான் போன காலை மூன்று மணி நேரத்தில் எதிரே வந்தது இரண்டே பேர். காற்று மட்டும் அடித்துத் தள்ளும். காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

கான்சாஸிலிருந்து மேற்கே முள் ஆட்சி. அங்கே 'ஆட்டுத்தலை' என்று ஒரு முள்ளைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். குனிந்து பார்த்தால், அட, நம்ம நெருஞ்சி! அதே செடி, அதே மஞ்சள் பூ. சாதாரண ட்யூப் போட்டிருந்தால் பார்க்கிங்கைத் தாண்டுவதற்குள் காற்று போய்விடும். ட்யூப்லெஸ் டயரில் சீலன்ட் ஊற்றியிருந்தால் முள் குத்திய இடம் தானாக அடைத்துக்கொள்ளும். வீட்டில் எப்போதோ ஊற்றியது காய்ந்து தோலாகியிருக்கும், கிளம்புவதற்கு முன் புதிதாக ஊற்று.

டயர் பேச்சு வந்ததால் இன்னொன்று. கடல்மட்டத்தில் 24 பி.எஸ்.ஐ. வைத்த டயர், 9,000 அடி உயரத்தில் அழுத்தமானியில் 28 பக்கம் காட்டும். உள்ளே இருக்கும் காற்று அதேதான். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டது. மவுண்டன் பைக்கில் நாலு பி.எஸ்.ஐ. பெரிய வித்தியாசம், கல்லில் பட்டால் பந்து மாதிரி எகிறும். டயருக்கே இப்படி என்றால் நுரையீரலைக் கேட்க வேண்டாம். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய எழுபது சதவீதம்தான். கடற்கரை ஊரிலிருந்து மூன்றாம் நாள் மலையேறி அன்றே க்ரெஸ்டட் பியூட்டில் ஓட்டுவதாக அவன் கோப்பில் இருந்தது. அந்த ஊரே 8,900 அடியில் இருக்கிறது, ஐ-70-இலிருந்தும் வெகுதூரம். ஜூலைப் பூக்கள் பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன். அதற்குத் தனியாக ஒரு விடுமுறை எடு. நான் அடித்த முதல் கட்டம் அதுதான்.

அதற்குப் பதில் ஃப்ரூட்டா. கொலராடோவின் மேற்கு ஓரம், 4,500 அடி, மூச்சு திரும்பி வந்துவிடும். நெடுஞ்சாலையிலிருந்து லோமாவில் இறங்கினால் கோகோபெல்லி சுற்றுகள் ஆரம்பம். பாறை விளிம்பில் ஓட்டிக்கொண்டே கீழே கொலராடோ ஆற்றைப் பார்க்கலாம். பார்க்கும்போது நின்று பார்ப்பது உத்தமம். அங்கிருந்து மோவாப் வரைக்கும் 142 மைலுக்கு ஒரே பாதை இருக்கிறது. முழுதாக ஓட்டுகிறவர்களும் உண்டு, நான் அந்த ஜாதி இல்லை. ஒரே எச்சரிக்கை: மழை பெய்திருந்தால் ஊருக்கு வடக்கே உள்ள 18 ரோடு பக்கம் போகாதே. அந்தக் களிமண் டயரைச் சுற்றிக்கொண்டு சக்கரத்தையே சுழல விடாது. நீ போட்ட தடம் காய்ந்து, அந்த வருடம் முழுக்க அடுத்தவர்களுக்குப் பள்ளமாக இருக்கும். ஒரு நாள் காத்திரு. காத்திருக்க ஒரு நாள் இருக்கிற மாதிரி திட்டம் போட வேண்டும், அவ்வளவுதான்.

இனி சட்டம். ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா, சயான் தேசியப் பூங்கா இரண்டிலும் ட்ரெயில் ஓட்டுவதாக எழுதியிருக்கிறான். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் வண்டிச் சாலைகளில் மட்டும்தான் சைக்கிள். நடைபாதைகளில் கால் வைக்கலாம், சக்கரம் வைக்கக் கூடாது. தேசிய வனங்களில் பொதுவாக அனுமதி உண்டு, ஆனால் அதற்குள்ளேயே 'வில்டர்னெஸ்' (இயற்கையாகவே விட்டுவைத்த காடு) என்று குறித்த பகுதிகளில் கிடையாது. 1964-இல் வந்த சட்டம் அது. இந்தத் தடை சரியா என்று விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. என்னைக் கேட்டால், சில இடங்கள் மெதுவாக நடப்பவர்களுக்கே இருக்கட்டும். மோவாப் பக்கம் அந்தப் பள்ளத்தாக்குக் காட்சிதான் வேண்டும் என்றால் டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்காவில் இன்ட்ரெபிட் ட்ரெயில் இருக்கிறது. சைக்கிளுக்கென்றே போட்டது, கஷ்டமும் இல்லை. அங்கே பாதையைவிட்டு மண்ணில் இறங்காதே. கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருப்பது உயிருள்ள மண். ஒரு தடம் மறையப் பல வருடங்கள் ஆகும்.

பைக் மாட்டும் ரேக் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு பெட்ரோல் நிறுத்தத்திலும் போல்ட்டை ஆட்டிப் பார். சைலன்ஸர் புகை டயருக்கு நேராக வருகிறதா என்று பார், ரப்பர் உருகிவிடும். இரவில் பைக்கை அறைக்குள் எடுத்துக்கொண்டு போ. நான் ஒரு விடுதியில் மூன்றாம் மாடிக்கே தூக்கிப் போயிருக்கிறேன். உன் பைக்குக்கு மட்டும் பொருந்தும் டிரேலியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் துண்டு) ஒன்று பையில் இருக்கட்டும். விரல் நீளத் துண்டு, அது உடைந்தால் பயணமே நொண்டும். சின்ன ஊர்க் கடையில் உன் மாடலுக்குக் கிடைக்கும் என்று நம்பாதே.

மோவாபை மட்டும் விட மாட்டேன் என்கிறானாம். தங்கை வழியாகத் தூது வந்தது. சரி, அதுதான் அந்த ஒரே பெயர் பெற்ற இடம். இரண்டு இரவு தங்கு. நீ போவது ஜூன் மாதம் என்பதால் ஐந்தரைக்குச் சக்கரம் உருள வேண்டும், ஒன்பதரைக்கு நிழலில் இருக்க வேண்டும். முழு ஸ்லிக்ராக்குக்கு முன்னால் அங்கேயே இருக்கும் சின்னப் பயிற்சிச் சுற்றை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்.

கடைசி நிறுத்தமாக நான் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன், அதற்காவது அவன் நன்றி சொல்லலாம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே ஒரு மண் சாலை. 1976 அக்டோபரில் சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களில் அதன் வழியாக இறங்கிப் போட்டி வைத்தார்கள். இரண்டு மைல் சொச்சத்தில் 1,300 அடி இறக்கம். பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு ஹப்பை (சக்கரத்தின் நடுக் குடம்) திறந்து புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்த இறக்கத்துக்கே 'ரீபேக்' (மறுபடி அடைப்பது) என்று பெயர் வந்தது. மவுண்டன் பைக் பிறந்த கதையை இந்த இடத்திலிருந்துதான் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், பக்கத்து டமால்பைஸ் மலையின் ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவற்றில் இன்று சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

நாலு இடம் ஆயிற்று: ரேஸ்டவுன், வில்சன், ஃப்ரூட்டாவும் மோவாபும் சேர்த்து ஒன்று, ரீபேக். திருத்திய கோப்பை நேற்று அனுப்பினான், பேச்சு வார்த்தை இன்னும் இல்லை. உதிரிப் பாகங்களுக்குத் தனிப் பக்கமே போட்டிருக்கிறான்: ஹேங்கர், சீலன்ட், சங்கிலி இணைப்பு, இரண்டு ட்யூப். பிரேக் பேட் மட்டும் இல்லை. நானே சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.