கோயில் கல்யாணத்துக்குப் பாட்டு தேர்ந்தெடுப்பவர்களுக்கு

பாகான் செராய், சுங்கை சிப்புட் மாதிரி மலேசியத் தோட்டப்புற ஊர்களில் கத்தோலிக்கக் கோயில் கல்யாணம் என்றால் மண்டபமும் சாப்பாடும் ஒரு வருடம் முன்பே முடிவாகிவிடும். பூசைப் (திருப்பலிப்) பாட்டுக்கு மட்டும் கடைசி வாரத்தில் பாட்டுக் குழுவுக்கு ஒரு வாட்ஸ்அப். அதிலும் பாதி சினிமாப் பாட்டு. அவை கெட்ட பாட்டுகள் இல்லை, அவற்றின் இடம் மண்டபம். கோயிலில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் பாதரிடம் கேளுங்கள்: பூசையோடு கல்யாணமா, பூசை இல்லாமலா? ஒருவர் இந்து என்றால் பெரும்பாலும் பூசை இருக்காது. பூசையில் மட்டும் வருகிற காணிக்கைப் பாடல், தூயவர், செம்மறி, திருவிருந்துப் பாடல் எல்லாம் போய்விடும். பத்துப் பாட்டு பழகிய குழு அன்றைக்கு நான்கைந்தோடு எழுந்து போகும்.

வாசகத்துக்குப் பிறகு பாடும் பதிலுரைப் பாடல் விவிலியத்தின் திருப்பாடல், அதற்குப் பதிலாக வேறு பாட்டு போட முடியாது. கல்யாணத்துக்கு 128ஆம் திருப்பாடல் நன்றாகப் பொருந்தும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நற்செய்திக்கு முன் அல்லேலூயா கிடையாது, வேறு வாழ்த்தொலிதான்.

வருகைப் பாடலில்தான் அதிகம் சொதப்புகிறது. சின்னக் கோயிலில் நடைபாதை இருபது மீட்டர் இருந்தால் பெரிது. பூத்தூவும் பிள்ளைகளையும் சேர்த்து இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாரும் பீடத்துக்கு வந்துவிடுவார்கள். ஐந்து சரணப் பாட்டை எடுத்தால் மணமக்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். எந்தச் சரணத்தோடும் நிறுத்தக்கூடிய பாட்டாக எடுங்கள். கைப்பேசியில் கரோக்கே ஓட்டினால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, நடுவில் அழைப்பு வேறு வரும். எல்லாரும் கேட்கிற அந்த மேல்நாட்டு மணமகள் இசை வாக்னரின் 'லோஹென்கிரின்' இசைநாடகத்தில் வருவது, 1850இல் மேடையேறியது. கதைப்படி அந்தக் கல்யாணம் முதலிரவிலேயே முறிந்துவிடும்!

சுதியை யாரும் யோசிப்பதில்லை. பாடகி தன் குரலுக்கு ஐந்து கட்டையில் (G சுதி) எடுத்தால் சபை வாயை மூடிக்கொள்ளும். ஒரு கட்டையில் (C சுதி) வைத்து, மேல் ஸ்தாயி ரிஷபத்தோடு (மேல் ரி) நிற்கிற மெட்டாக எடுங்கள். மேல் காந்தாரம் (மேல் க) தொட்டாலே ஆண்கள் கீழே இறங்கிவிடுவார்கள். கீபோர்டில் சுதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறதே, அதை ஒத்திகையிலேயே அழுத்திப் பாருங்கள், பூசை நேரத்தில் வேண்டாம்.

சம்மதம் சொல்லும்போது கீபோர்டு வாசிக்கவே கூடாது. மெல்லிசை என்று பின்னால் இழைப்பவர்கள் இருக்கிறார்கள். பயந்த குரலில் மணமக்கள் சொல்வதைப் பாதரும் சாட்சிகளும் கேட்டாக வேண்டும், அதுதானே கல்யாணம். தாலி கட்டும்போது மேளம் வேண்டுமென்றால் பாதரின் அனுமதியோடு ஒரு நிமிடம், மூன்று முடிச்சு முடியும்வரை. உருமி மேளத்தை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடித்தால் எதிரொலியில் அடுத்த ஜெபமே கேட்காது.

பதிவேட்டில் கையெழுத்துப் போட ஐந்து முதல் எட்டு நிமிடம் பிடிக்கும். இதற்கென்று ஒரு பாட்டு வைக்காததால்தான் கோயில் சந்தைக்கடையாகிறது. நீளமான மாதா பாட்டு இருந்தால் இங்கே போடுங்கள்.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு நம் பாட்டு தெரியாது. பல்லவியை மட்டும் பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுங்கள், ஒரு பெஞ்சுக்கு மூன்று போதும். தகரக் கூரைக் கோயில் என்றால் காலைப் பத்து மணிக்கே வைத்துக்கொள்வது நல்லது. சாயங்கால மழை பிடித்தால் எந்த மைக்கும் உதவாது.