பத்து வருசம் தொடாத வங்கிக் கணக்கு: பணம் போய்விடாதுங்க

“பத்து வருசம் வரவு செலவு இல்லாத கணக்கில் இருக்கும் பணம் அரசாங்கத்துக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரிங்க. பத்து ஆண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் தொகையை, 2014-இல் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்கு வங்கி மாற்றிவிடும். ஆனால் உரிமை உங்களுடையதே. எப்போது கேட்டாலும் அதே வங்கி தந்தாக வேண்டும். சேமிப்புக் கணக்கென்றால் வட்டியும் உண்டு.

திருப்பூரில் கம்பெனி மாறும்போதெல்லாம் புதுச் சம்பளக் கணக்கு திறந்து, பழையதை அப்படியே விட்டவர்கள் ஏராளம். ‘பணம் திரும்பக் கிடைக்காது’ என்பதை நம்பி அவர்கள் அதைக் கைவிட்டுவிடக் கூடாது.

சரிபார்க்க: ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ தளத்தில் (udgam.rbi.org.in) செல்போன் எண்ணைப் பதிந்து, பெயருடன் பான் அல்லது பிறந்த தேதி கொடுத்துத் தேடுங்கள். பழைய பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக என்று இருக்கும். பலருக்குத் தேடல் தவறுவது இங்கேதான். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்க. நிதிக்கு மாறாத கணக்கு அதில் வராது, அதற்கு நேராகக் கிளைக்குத்தான் போக வேண்டும். தளம் பணம் தராது. கேஒய்சி ஆவணங்களோடு (அடையாள, முகவரிச் சான்றுகள்) வங்கியில்தான் கேட்க வேண்டும். முடங்கிய கணக்கை உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது.