மறந்துட்டா செஞ்சது இல்லேன்னு ஆயிடுமா?

மொட்டை மாடில ஜேசன் போர்ன் படம் போட்ட அன்னிக்கு நடந்த வாக்குவாதத்தைப் பத்தி குரூப்ல போதும் போதும்னு பேசியாச்சு. ஆனா காலைல அந்த மீமைப் பார்த்தப்புறம் எழுதாம இருக்க முடியல. ஞாபகம் போன அமெரிக்க உளவுத்துறைக் கொலையாளி தான் ஜேசன் போர்ன், அவன் தான் கொன்னவங்களோட பொண்ணு கிட்ட ஸாரி கேக்கறதை வச்சு "ஹீரோ அழுமூஞ்சி ஆயிட்டான்"னு மீம், அதுக்கு சத்துவாச்சாரி பசங்க மொத்தமும் சிரிப்பு ரியாக்ட்.

படத்தோட உயிரே அந்த சீன் தாங்க. 2002ல வந்த முதல் படத்துல அவனுக்கு தன் பேரே தெரியாது, பேங்க் லாக்கரைத் திறந்தா கத்தை பாஸ்போர்ட், ஒவ்வொண்ணுலயும் ஒரு பேரு. 2004ல வந்த ரெண்டாவது படத்துல கேள்வியே மாறிடுது, நான் யாருங்கறது போயி நான் இன்னா செஞ்சேன்னு ஆயிடுது. பெர்லின் ஹோட்டல்ல ஒரு ரஷ்ய அரசியல்வாதியையும் அவர் சம்சாரத்தையும் சுட்டுட்டு, அந்தம்மாவே புருஷனைக் கொன்னுட்டு தானும் செத்த மாதிரி செட்டப் பண்ணிட்டுப் போனவன் இவன். மாஸ்கோல குண்டடி பட்டு நொண்டிகிட்டே அவங்க பொண்ணு வீட்டுக்குப் போயி உங்கம்மா கொல்லல, நான் தான்னு சொல்றான். ஞாபகம் போச்சுன்னா பொறுப்பும் போயிடாது. இதைத்தான் நான் அன்னிக்கும் கத்தினேன்.

எங்க நைனா ரோட்ல வேன் மோதி செத்தப்ப நான் ஸ்கூல் படிச்சினு இருந்தேன். குடிச்சிட்டு குறுக்க வந்தார்னு கேஸ் எழுதிட்டாங்க, ஊரும் அதையே பேசிச்சு. அம்மா போட்டோவுக்குப் பூ வைக்கறப்ப கூட "குடிக்காதன்னு சொன்னேனே பாவி"ன்னு திட்டிகிட்டே தான் வைக்கும். பல வருஷம் கழிச்சு அந்த வேன் கிளீனர் வீட்டுக்கு வந்தாரு. சேர் போட்டும் உக்காரல. டிரைவர் தூங்கிட்டாரு, ஓனர் சொல்லி நான் தான் பொய் சாட்சி சொன்னேன்னாரு. அம்மா ஒண்ணும் பேசல, உள்ள போயி டீ போட்டு எடுத்தாந்து அவர் கைல குடுத்துச்சு. அன்னிலேருந்து பூ வைக்கறப்ப திட்டறதில்ல.

"மூளைச்சலவை பண்ணிட்டாங்க, அவன் மேல இன்னா தப்பு"ன்னு கேக்கறீங்க. உளவுத்துறைக்காரங்க தூங்க விடாம, தண்ணில முக்கி அவனை உடைச்சாங்க, சரி. ஆனா 2007ல வந்த மூணாவது படத்தை ஒழுங்கா பாருங்க, டேவிட் வெப்ங்கற சொந்தப் பேரோட தானா வந்து அந்த வேலைல சேர்ந்தவன் அவன். பழியை அவங்க மேலயே போட்டுட்டு ஒதுங்க படம் அவனை விடல.

ஆக்‌ஷன் படத்துல இதெல்லாம் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல.

ஆனா "ஆர்டர் போட்டா செய்யறவன் தான் சோல்ஜர், கம்மவான்பேட்டைல போய் இதைப் பேசு பாக்கலாம்"னு ஒருத்தர் போட்டது ரொம்ப வலிச்சுது. வீட்டுக்கு வீடு ஆர்மிக்காரங்க இருக்கற வேலூர் பக்கத்து ஊரு அது. என் பெரியப்பாவும் அந்த ஊரு தான், ஆர்மில இருந்தவரு. நெஞ்சுல தன் பேரைக் குத்திகிட்டு நின்ன மனுஷன். பத்துப் பேர்ல பத்து பாஸ்போர்ட் வச்சினு ராத்திரில ஹோட்டல் ரூம்ல சுட்டுட்டுப் போறவனோட அவரை ஏன் சேக்கறீங்க? நான் எங்க ஆர்மிக்காரங்களைச் சொன்னேன்? 1989ல வந்த வெற்றி விழா படத்துலயே ஞாபகம் போன ஏஜென்ட் கதையைப் பார்த்து வளர்ந்த ஊருங்க இது, அடிதடியைக் கைதட்டி ரசிச்சோம், நானும் தான். மன்னிப்பு கேக்கறவனைப் பார்த்தா மட்டும் ஏன் சிரிப்பு வருது?

மீமை எடுத்துடுன்னு கேக்கல. நீ எங்க வீட்ல எத்தனையோ தடவை சாப்பிட்டவன், அடுத்த வாட்டி வரும்போது எங்கம்மா கிட்ட அதைக் காட்டி சிரி, பாக்கறேன்.