மழைத்தண்ணீரும் ஒரு பக்கெட்டும்

லீட்கோடில், அதாவது வேலை இன்டர்வியூவுக்காக புரோகிராமிங் கணக்கு போட்டுப் பழகும் தளத்தில், 42ஆவது கணக்கு தெரியுமா? வரிசையாகச் சுவர்கள், ஒன்று உயரம், ஒன்று குட்டை. மழை பெய்தால் நடுவில் எவ்வளவு தண்ணீர் தேங்கும்? இந்தப் பக்கம் ஒரு பாயிண்டர் (இடத்தைச் சுட்டும் விரல் மாதிரி), அந்தப் பக்கம் ஒரு பாயிண்டர், எது குட்டையோ அதை உள்ளே நகர்த்து. நான்கு தடவை போட்டாயிற்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் ஹாஸ்டல் வாசலில் நவம்பர் முழுக்கத் தேங்கும் தண்ணீரை வெளியேற்றத்தான் எவனுக்கும் வழி தெரியவில்லை. சரி, அது வேறு புலம்பல்.

போன சனிக்கிழமை இன்டர்ன்ஷிப்புக்கான ஆன்லைன் டெஸ்ட். 90 நிமிஷம். கேமரா ஆன், மைக் ஆன். முதலில் ஆப்டிட்யூட்: வழக்கம்போல ரயில் பிளாட்பாரத்தைக் கடந்தது, குழாய் தொட்டியை நிரப்பியது. அப்புறம் வந்தது அதே மழைத்தண்ணீர், சுவருக்குப் பதில் கட்டடம் என்று வேஷம் மாற்றிக்கொண்டு. குஷியாகி எழுதித் தள்ளினேன். எழுதியதைச் சோதிக்கும் 15 டெஸ்ட்கேஸில் 11 பாஸ். மீதி நான்கும் மறைத்துவைத்தவை, எங்கே தப்பு என்று காட்டாது. மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது ரூம்மேட் தோளில் துண்டோடு உள்ளே வந்து, "மச்சான், என் பக்கெட் எங்கடா?" என்றான்.

திரையில் சிவப்பாக: ஒன்றுக்கு மேற்பட்ட முகம் தெரிகிறது. அவன் பக்கம் திரும்பினேன்: பார்வை திரையை விட்டு விலகுகிறது. "வெளியே போடா!" என்று கத்தினேன்: பேச்சுச் சத்தம் கேட்கிறது. மூன்றாவது எச்சரிக்கையோடு டெஸ்ட் தானாகவே சப்மிட் ஆகிவிட்டது. ராத்திரி மெஸ்ஸில் சப்பாத்தியைப் பிய்க்கும்போதுதான் உறைத்தது, கூட்டுத்தொகைக்கு ஓரளவு எண் வரைதான் கொள்ளும் இன்ட் போட்டிருந்தேன், அதைவிடப் பெரிய எண்ணும் கொள்ளும் லாங் போட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை!

சீனியர் அண்ணன் "பிளைண்ட் 75 முடிடா, போதும்" என்றார். இன்டர்வியூவுக்குப் பழக 75 கணக்குகள் கொண்ட பட்டியல் அது. முடித்தால் நீட்கோட் 150 என்கிறார்கள். அதற்கு மேல் 250 இருக்கிறதாம். அனுமார் வால் கெட்டது. மேக் கம்ப்யூட்டரில் மென்பொருள்களை நிறுவித்தரும் ஹோம்ப்ரூவை எழுதிய மாக்ஸ் ஹவல், பைனரி ட்ரீயை (கிளைகள் இரண்டிரண்டாகப் பிரியும் தரவு மரம்) இடவலமாகத் திருப்பிப் போடத் தெரியாததால் கூகுள் தன்னை வேண்டாம் என்றுவிட்டதாக 2015இல் ட்வீட் போட்டார். அங்கே வேலை பார்ப்பவர்களே பயன்படுத்தும் மென்பொருளை எழுதிய மனுஷன்! அந்தக் கணக்கு இப்போது லீட்கோடில் 226ஆவது, பக்கத்தில் பச்சையாக 'ஈஸி' என்று வேறு. அவர் கதியே அது என்றால் ஈசிஇ மூன்றாம் ஆண்டுக்காரன் நான் எம்மாத்திரம்?

இதெல்லாம் உள்ளே விட்டால்தானே. சிஜிபிஏ 7.5, அரியர் வரலாறே இருக்கக் கூடாது என்கிறார்கள். இரண்டாம் செமஸ்டர் கணக்கில் ஒன்று விழுந்தது, அடுத்த தடவையே எழுதித் தூக்கிவிட்டேன். ஆனாலும் போலீஸ் ஸ்டேஷன் ரெக்கார்டு மாதிரி கூடவே வருகிறது. போதாததற்கு ஃபாரத்தில் ஒரு கட்டம்: 'முன் அனுபவம்'. அனுபவத்துக்குத்தானே ஐயா இன்டர்ன்ஷிப்பே கேட்கிறேன்!

நாளைக் காலை 9 மணிக்கு அடுத்த டெஸ்ட். கதவில் 'டெஸ்ட் நடக்கிறது' என்று தாள் ஒட்டியாயிற்று. பக்கெட்டை வராந்தாவில் வைத்துவிட்டேன், மக்கோடு சேர்த்து.