கொடியில மேளம் எதுக்குன்னு கேட்ட மகராசனுக்கு

சிலி, அர்ஜென்டினா பக்கத்துப் பூர்வகுடிங்க மபூச்சே, அவங்க கொடிய ஒரு டிசைனர் 'மினிமல்'னு எளிமையாக்கி வரைஞ்சு போட்டிருக்காரே, அத இன்னும் எத்தனை பேர் எனக்கு ஃபார்வேர்ட் பண்ணப் போறீங்க? பாத்துட்டேன் சாமி. மேலயும் கீழயும் இருந்த கறுப்பு வெள்ளை ஓரத்தத் தூக்கியாச்சு, நடுவுல இருந்த மேளத்தத் தூக்கியாச்சு, நீலம் பச்சை சிவப்புன்னு மூணு பட்டைதான் மிச்சம். கீழ வரிசையா ஹார்ட்டு வேற.

அந்த மேளம்தாங்க கொடியே! குல்ட்ருன்னு பேரு. வைத்தியமும் சடங்கும் பண்ற மாச்சி கையில இருக்குறது. தோல் மேல குறுக்க கோடு போட்டு நாலாப் பிரிச்சு, நாலு திசை, சூரியன், நிலான்னு உலகத்தையே ஒரு வட்டத்துக்குள்ள வரைஞ்சிருப்பாங்க. நீலம் வானம், பச்சை மண்ணு, சிவப்பு முன்னோருங்க சிந்துன ரத்தம். ஓரத்துல படிக்கட்டு மாதிரி வர்ற சிலுவை அவங்க தறியில நெய்யுறது. இதுக்குப் பேரு 'க்ளட்டர்'ஆம், தேவையில்லாத அடைசலாம்.

வேலை விஷயமா சிலியில இருக்குற டெமுகோ ஊருக்குப் போயிருந்தப்ப சந்தையில ஒரு குட்டி மேளம் வாங்கினேன். வித்த அம்மா அத என் காதுகிட்ட வெச்சு குலுக்கிக் காட்டுனாங்க, சத்தமே வரல. "நெசமானதுல உள்ள விதை, மூலிகையெல்லாம் போட்டுத்தான் தோல் கட்டுவாங்க, இது டூரிஸ்ட்டுக்கு"ன்னு சிரிச்சாங்க. காசு வாங்குறதுக்கு முன்னாடியே சொன்னாங்க பாருங்க.

"1992-ல வந்த கொடிதானே, இதுல என்ன பாரம்பரியம்?"னு ஒருத்தர். ஆமா, 1992-தான். கொலம்பஸ் வந்து 500 வருஷம்னு ஊரெல்லாம் விழா எடுத்தப்ப, நாங்க இன்னும் இருக்கோம்டான்னு அவங்க ஏத்துன கொடி. "சின்னக் குழந்தை கூட பாக்காம வரையணும், அதான் நல்ல கொடி"ன்னு இன்னொருத்தர். மெக்சிகோ கொடியில கழுகு கள்ளிச்செடி மேல உக்காந்து பாம்பப் புடிச்சிட்டு இருக்கே, அதப் போய் திருத்துங்களேன்? அங்க வாய் வராது. டிசைனர் நல்ல எண்ணத்துலதான் பண்ணாராம். சரி, இருக்கட்டும்.

2019 அக்டோபர்ல சிலியில பெரிய போராட்டம் நடந்தப்ப, தலைநகர் சாண்டியாகோவோட பிளாசா இத்தாலியா சதுக்கத்துல, சிலை உச்சியில ஏறி ஒருத்தர் தூக்கிப் புடிச்சது இதே கொடிதான், மேளத்தோட, அந்த போட்டோவ நீங்களும்தான் புல்லரிக்குதுன்னு ஷேர் பண்ணீங்க. அதுக்கு முந்தின வருஷம் டிராக்டர்ல போயிட்டிருந்த கமீலோ காத்ரியாங்காங்கிற மபூச்சே பையன போலீஸ் பின்தலையில சுட்டுச்சு, 24 வயசுதான், அதுக்கு ஒரு லைக்கு கூட விழல இங்க.

"உனக்கேன் இவ்ளோ வலிக்குது, நீ என்ன சிலிக்காரனா?"ன்னு பத்து வருஷமா தெரிஞ்ச ஆளே கேக்குறார். இல்லண்ணே, இல்ல. ஆனா நீங்க கேட்டதுதான் ரொம்ப வலிச்சுது.

நடுவுல காலியா இருக்கேன்னு யாரோ சொன்னாங்களாம், இப்ப ரெண்டாவது வெர்ஷன் போட்டிருக்கார் பாத்தீங்களா? மேளம் இருந்த எடத்துல ஒரு மலை ஐகான்.