பிக்மி எண், போஷன் பதிவு, எமிஸ் எண்: குழந்தை மட்டும் ஒன்றுதான்

மதுரை மாவட்டத்தில் ஒரு குழந்தை பிறப்பதற்கு முன்பே அரசின் கணக்கில் ஏறிவிடுகிறது. தாய் கருவுற்றதைக் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்ததும் பிக்மி எண் ஒன்று தரப்படுகிறது. பிறப்புச் சான்றிதழுக்குப் போகும்போது அந்த எண்ணைக் கேட்கிறார்கள். பிறந்த பிறகு அங்கன்வாடி டீச்சர் தம் கைபேசியிலுள்ள போஷன் டிராக்கர் செயலியில் அதே குழந்தையைப் பதிகிறார். ஐந்து வயது முடிந்து பள்ளியில் சேர்க்கும்போது எமிஸ் என்று இன்னோர் எண் வருகிறது. சுகாதாரத் துறை, சமூக நலத் துறை, பள்ளிக் கல்வித் துறை ஆகிய மூன்றும் தத்தம் பங்குக்கு அந்தக் குழந்தையை எடை போட்டு, உயரம் அளந்து, ஊசி போட்டு, பெயர் எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் ஒரு துறைக்குத் தெரிந்த செய்தி அடுத்த துறையின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், அதைக் கையோடு கொண்டுபோகக் குழந்தையின் தாயையோ அப்பத்தாவையோ விட்டால் ஆளில்லை என்பதே, மேலூர்ப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்துத் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற எனக்குத் தெரிந்த நிலவரம்.

திட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமே கிடையாது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 434 திட்டப் பகுதிகளில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையையும் சேர்த்தே எண்ணியது. வாரத்தில் மூன்று நாள் முட்டை, வீட்டுக்குச் சத்துமாவு, கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம், முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இத்தனைக்கும் பிறகு, 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருப்போரில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டுச் சிலர் ஆறுதல் அடையக்கூடும். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இரத்தம் குறைவு என்பதை வைத்து ஆறுதல் அடைய எனக்கு மனம் வரவில்லை. துறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஓரளவு உருப்படியாகவே வேலை செய்கின்றன என்பதும், ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று தொடங்குவதில்லை என்பதும், இழப்பு அந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்பதும் என் கருத்து.

இந்த இடைவெளி மதுரைக்குப் புதிதல்ல. 1980இல் உலக வங்கி உதவியோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் வெள்ளோட்டம் பார்க்கப்பட்டது அன்றைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்து, அந்தக் கோடு ஏறாமல் படுத்துவிட்ட குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துமாவு லட்டு கொடுப்பார்கள். எடை ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு என்றில்லாமல், சறுக்குகிற குழந்தையைச் சறுக்கும்போதே பிடிப்பதுதான் அதன் நோக்கம். மாவு இடிக்கவும் உருட்டவும் ஊர்ப் பெண்களின் குழுக்கள் இருந்தன. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு அங்கே கண்கூடாகக் குறைந்தது. ஆனால் ஊட்டச்சத்துப் பக்கம் ஓடிய வேகத்துக்குச் சுகாதாரப் பக்கம் ஓடவில்லை என்பது அக்காலத்து மதிப்பீடுகளிலேயே பேசப்பட்டது. வயிற்றுப்போக்கும் நெஞ்சுச்சளியுமாகக் கிடக்கிற குழந்தைக்கு லட்டு மட்டும் என்ன செய்யும்? எடை பார்த்தவர் ஒரு துறை. மருந்து தர வேண்டியவர் வேறொரு துறை. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பாடத்தைச் சுற்றியேதான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் பணியில் இருந்தபோது ஒரு ஜூன் மாதத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஒரு பையனை அவனுடைய அப்பத்தா அழைத்து வந்திருந்தார். பெயரைக் கேட்டேன்; அவன் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். "வெளாட்டுப் புத்தி டீச்சர், பின்னாடி நின்னு கூப்புட்டாத் திரும்பவே மாட்டான்" என்றார் அப்பத்தா. நான் அவன் முதுகுக்குப் பின்னால் மேசையில் டஸ்டரைத் தட்டினேன், அவன் திரும்பவில்லை. அன்று மாலை அங்கன்வாடி டீச்சரிடம் விசாரித்தபோது, அவர் தம் பதிவேட்டைப் புரட்டி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் தம் கையால் எழுதிய குறிப்பைக் காட்டினார்: 'பெயர் சொல்லி அழைத்தால் பார்ப்பதில்லை, பேச்சு குறைவு.' நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை மையத்துக்கு வந்திருக்கிறது; அந்த நாட்களில் பையன் ஊரில் இல்லை. செங்கல் சூளை வேலைக்குப் போகும் தாய் தகப்பனோடு அவனும் போய்விடுவான். சூளை இருந்த ஊரின் அங்கன்வாடிக்கு அவன் யாரென்றே தெரியாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காதுக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குத்தான்; இவன் எங்கள் கண்ணில் படும்போது ஐந்தே முக்கால். நல்லவேளையாகக் கேட்கும் திறன் ஓரளவு மிச்சம் இருந்தது. காதுக்கு வெளியே மாட்டும் கருவியோடு படிக்கத் தொடங்கினான். ஆனால் மூன்று வயதில் வந்திருக்க வேண்டிய சொற்கள் அவனுக்கு ஏழு வயதில்தான் வந்தன. அந்த டீச்சர் கண்டுபிடித்தார், எழுதினார், தாயிடம் சொல்லவும் செய்தார்; அதற்கு மேல் அந்தக் குறிப்பைப் படிக்க வேண்டியவர் யார் என்று எந்த விதியிலும் எழுதப்படவில்லை.

கீழ்மட்டத்தில் நடப்பது இதுவென்றால், மேல்மட்டத்தில் நடந்ததற்கு எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளின் கதை சான்று. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. கட்டடமும் குழந்தையும் சமூக நலத் துறையினுடையவை. பாடம் நடத்த அனுப்பப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள் கல்வித் துறையினர். பெரிய பள்ளிக்குப் பயிற்சி பெற்றவர்களை மூன்று வயதுக் குழந்தைகளுக்கு முன்னால் நிறுத்தினால் இரு தரப்புக்கும் சங்கடம்தான். பலர் நீதிமன்றம் வரை போனார்கள். 2022இல் அந்த ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்கே திருப்பி அழைத்து, வகுப்புகளை அங்கன்வாடிப் பணியாளர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் கல்வித் துறையே தொடர்ந்து நடத்தும் என்று மாற்றி, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சிறப்பாசிரியர்களை நியமிக்க முடிவானது. அந்த ஐயாயிரத்தைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம். இங்கே நான் கவனிப்பது, நான்கு வயதுக் குழந்தைக்குக் கற்பிப்பது யார் பொறுப்பு என்ற எளிய கேள்விக்கே இரண்டு துறைகளும் மூன்றரை ஆண்டுகளில் மூன்று விடை சொன்னதைத்தான். 2002இன் 86ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு ஆறு வயது வரையிலான பராமரிப்பையும் கல்வியையும் அரசு முயன்று வழங்க வேண்டியதாகச் சொல்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ ஆறு வயதிலிருந்துதான் உரிமையை எண்ணத் தொடங்குகிறது. முயற்சிக்கும் உரிமைக்கும் நடுவே நிற்கிற குழந்தைக்கு எந்தத் துறையும் முழு உரிமையாளர் ஆவதில்லை.

காலை உணவுத் திட்டத்திலும் இதே வயதுக் கோடுதான். 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அது ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கென வகுக்கப்பட்டது. அதே சுற்றுச்சுவருக்குள் அங்கன்வாடி இருக்கும் பள்ளிகளில், அக்கா பொங்கல் சாப்பிடும்போது நான்கு வயதுத் தம்பி அந்தக் கணக்கில் வர மாட்டான்.

நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் மல்லிகைத் தோட்டங்களுக்குப் பூ எடுக்கப் போகும் பெண்கள் விடியலுக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை போகாது. அவர்கள் கிளம்புவதற்கும் அங்கன்வாடி திறப்பதற்கும் இடைப்பட்ட பல மணி நேரம் இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஏழு வயது அக்காள். 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தில், பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். கண்மாய்க் கரையில் வேப்பமரத்தில் சேலைத் தொட்டில் தொங்கியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதற்கென்று கூலி கொடுத்து அமர்த்தப்பட்ட ஆளைப் பார்த்ததில்லை. அந்த விதி ஊரக வளர்ச்சித் துறையினுடையது. குழந்தை சமூக நலத் துறையினுடையது.

ஒருங்கிணைப்புக் குழுக்கள் ஏட்டில் இல்லாமல் இல்லை. 2018இல் வந்த போஷன் இயக்கத்தின் கீழ் மாநிலம், மாவட்டம், வட்டாரம் என்று மூன்று அடுக்கிலும் குழு உண்டு; மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர். ஆட்சியர் தலைமை வகிக்கும் குழுக்களை எண்ணினாலே ஒரு மாதம் போய்விடும். 13 ஊராட்சி ஒன்றியங்களையும் 420 ஊராட்சிகளையும் 100 வார்டுகள் கொண்ட ஒரு மாநகராட்சியையும் வைத்திருக்கும் மாவட்டத்தில், அந்தக் கூட்டத்தில் சதவீதங்கள்தாம் பேசப்படும். பெயர்கள் பேசப்படுவதற்கு நேரம் இருக்காது. துறைகள் ஒரே பட்டியலைப் பார்த்தால் வேலை நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2022இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் அங்கன்வாடி எடுத்த எடைக் கணக்கை வைத்து மருத்துவர்கள் முகாம் நடத்தி, கடுமையான மெலிவுடைய குழந்தைகளைப் பெயர் பெயராகப் பிரித்து, அவர்களுக்கென்று தனி உணவு கொடுத்தார்கள். சிலி நாட்டில் 2009இல் சட்டமான குழந்தைப் பாதுகாப்பு முறை இன்னும் ஒரு படி மேலே போனது: தாயின் முதல் கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே குழந்தையின் கணக்கு தொடங்குகிறது, ஒருங்கிணைக்கும் அமைச்சகத்தின் கையில் பணம் இருக்கிறது, சுகாதாரம், கல்வி அமைச்சகங்கள் இன்ன வேலையை முடிப்போம் என்று ஒப்பந்தம் போட்டுத்தான் அதைப் பெறுகின்றன. பணம் கையில் இல்லாத ஒருங்கிணைப்பாளர் தேநீர் கொடுத்து அனுப்பத்தான் முடியும்.

துறைகளை ஒன்றாக இணைத்துவிடலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இணைத்தால் பதவி உயர்வு வரிசையைப் பற்றிய வழக்குகள் முடிவதற்குள் ஒரு தலைமுறைக் குழந்தைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். கைமாறும் இடங்களைச் சரி செய்வது அதைவிட எளிது. தாய் சேய் நல அட்டை என்று ஒன்று இருக்கிறது. சுகாதாரத் துறைக்கும் குழந்தை வளர்ச்சித் துறைக்கும் பொதுவாக அச்சிடப்பட்ட அதில் தடுப்பூசிக் கட்டமும் எடைக் கோடும் எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்ற படங்களும் உள்ளன. பள்ளிச் சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் கேட்கிற நாம் அந்த அட்டையைக் கேட்பதில்லை. அதைக் கேட்டுப் படித்துவிட்டுத்தான் எமிஸில் பதிய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். பிக்மி எண்ணையே மற்ற இரண்டு பதிவுகளிலும் முதலில் நிரப்பும் கட்டமாக வைப்பது அடுத்த வேலை. குழந்தையின் உடல்நலக் குறிப்பு ஊர் முழுக்கத் தெரிந்துவிடாதா என்ற அச்சம் நியாயமானது. ஆகவே அந்தக் குழந்தையை நேரில் பார்க்கும் செவிலியர், அங்கன்வாடி டீச்சர், தலைமையாசிரியர் ஆகியோருக்கு மட்டுமே அது திறக்க வேண்டும். பெற்றோர் கேட்டால் அவர்களுக்கும் காட்ட வேண்டும்.

இந்த மூவரும் மாதத்தில் ஒரு நாள், தடுப்பூசி போடும் புதன்கிழமை ஒன்றில், ஊராட்சிச் செயலரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எடை ஏறாதவர், பேச்சு வராதவர், ஊரை விட்டுப் போனவர், புதிதாக வந்தவர் என்று பெயர் சொல்லிப் பேச வேண்டும். அங்கே தீராததற்கு வட்டாரத்தில் ஒரே ஓர் அலுவலர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்; அவர் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரா மருத்துவ அலுவலரா என்பதை ஆட்சியர் தீர்மானிக்கட்டும், இருவராக மட்டும் இருக்க வேண்டாம். அங்கன்வாடி டீச்சருக்கு இதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் வேலையை அவர் தலையிலிருந்து இறக்கினாலே நேரம் வந்துவிடும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று அங்கன்வாடித் திட்டம் பிறந்த அதே அக்டோபர் 2. அன்று சாலையும் தெருவிளக்கும் பேசி முடித்த பிறகு, நம் ஊரில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று செவிலியரிடமும் அங்கன்வாடி டீச்சரிடமும் தலைமையாசிரியரிடமும் தனித்தனியே கேளுங்கள். மூன்று எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்றால், விடுபட்டவர்களின் பெயர்களை அடுத்த கூட்டத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்று தீர்மானம் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் எண்ணிட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.