ஃபாரின் கீ இருந்தால் இன்டெக்ஸும் இருக்குமா?

எந்த மாணவர் எந்தப் பாடம் படிக்கிறார் என்று வைத்திருக்கும் மாணவர்–பாடம் இணைப்பு டேபிளில் ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் கீ) கொடுத்தாலே, போஸ்ட்கிரெஸ் (PostgreSQL டேட்டாபேஸ்) அந்த நெடுவரிசைக்கு (column) இன்டெக்ஸும் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போட்டுவிடும் என்று மேலே ஒரு கருத்து வந்திருக்கிறது. மன்னிக்கவும், அப்படி இல்லை. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் சேமிப்பு இன்ஜினான இன்னோடிபி அதைச் செய்யும். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். போஸ்ட்கிரெஸில் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் கீ), யுனிக் (மதிப்பு திரும்ப வரக்கூடாது என்ற விதி) போன்றவற்றுக்குத் தானாக இன்டெக்ஸ் உருவாகும், ஃபாரின் கீக்கு உருவாகாது.

பிரைமரி கீ (மாணவர்_ஐடி, பாடம்_ஐடி) என்ற வரிசையில் இருந்தால், ஒரு மாணவரின் பாடங்கள் சட்டென்று வரும். ஒரு பாடத்தின் மாணவர்களைத் தேடினால் பெரும்பாலும் முழு டேபிளையும் துழாவும். ஒரு பாடத்தை நீக்கும்போதும் அதே கதிதான், ஃபாரின் கீ சரிபார்ப்புக்காக. (போஸ்ட்கிரெஸ் 18-ஆம் பதிப்பின் ஸ்கிப் ஸ்கேன், அதாவது இன்டெக்ஸின் முதல் நெடுவரிசையைத் தாண்டித் தேடும் முறை, அந்த நெடுவரிசையில் வேறுபட்ட மதிப்புகள் குறைவாக இருந்தால்தான் உதவும். இங்கே அது மாணவர்_ஐடி, வேறுபட்ட மதிப்புகள் ஏராளம்!)

சோதிக்க: பிஎஸ்கியூஎல்-இல் (போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவி psql) பின்சாய்கோடு, டி, டேபிள் பெயர் (\d டேபிள்_பெயர்) என அடித்தால் இருக்கும் இன்டெக்ஸ்கள் தெரியும். பிறகு 10 லட்சம் வரிசை நிரப்பி, அனலைஸ் (டேபிளின் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் ANALYZE கட்டளை) ஓட்டி, பாடம்_ஐடி தேடலை எக்ஸ்பிளெய்ன் அனலைஸில் (தேடல் எப்படி நடந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும் EXPLAIN ANALYZE) பாருங்கள். நூறு வரிசையில் சோதிக்காதீர்கள், இன்டெக்ஸ் இருந்தாலும் சீக் ஸ்கேன்தான் (முழு டேபிளையும் படிப்பது) வரும். (பாடம்_ஐடி, மாணவர்_ஐடி) என்று இன்னொரு இன்டெக்ஸ் போட்டு மறுபடி ஓட்டினால் வித்தியாசம் தெரியும்.